பரணில் ஏற்றிய ராணுவச் சாப்பாடு: மழைக்கு முன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

போன மே மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய அட்டைப்பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளம் வந்தால் உதவும் என்று மூன்று வருஷத்துக்கு முன் ஆன்லைனில் வாங்கிய அமெரிக்க ராணுவச் சாப்பாட்டுப் பொட்டலங்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பைகளில் இரண்டு பூரி மாதிரி உப்பியிருந்தன. உப்பிய பையைத் திறக்கவும் கூடாது, ருசி பார்க்கவும் கூடாது. உள்ளே கிருமி வளர்ந்து வாயு சேர்ந்திருக்கலாம். பெட்டியோடு குப்பைக்குப் போனது.

தவறு என்னுடையதுதான், பரணில் வைத்தது. எங்கள் வீடு தாராவியில், தகரக் கூரைக்கு நேர் கீழே பரண். மே மாத மதியத்தில் அங்கே இருக்கும் பாத்திரத்தைத் தொட்டால் கை சுடும். இந்தப் பொட்டலங்களுக்கு மூன்று வருஷ ஆயுள் என்பது 27 டிகிரியில் வைத்தால்தான். 38 டிகிரியில் ஒரு வருஷம்கூடத் தாங்காது. மும்பையில் ஒண்டுக்குடித்தனமோ ஃபிளாட்டோ, எல்லோரும் வேண்டாத சாமானை ஏற்றுவது மேலேதான். சாப்பாட்டுப் பொருளைக் கட்டிலுக்கடியில் வையுங்கள். அங்கே தண்ணீர் ஏறும் வீடென்றால் சுவர் அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள்.

அடுத்தது தேதி. உள்ளே இருக்கும் பைகளில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், மற்ற மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5207 என்றால் ஜூலை 26. ஆனால் 2025-ஆ, 2015-ஆ? அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெப்பம் பட்டதைக் காட்டும் சிவப்பு வட்ட ஸ்டிக்கரும் பெட்டியின் மேல்தான் ஒட்டியிருக்கும். உதிரியாக விற்கும்போது அது கைக்கு வராது. போதாததற்கு, இவற்றை வணிகமாக மறுவிற்பனை செய்வது சட்டவிரோதம் என்று அந்தப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். எத்தனை கை மாறி, எந்த வெயிலில் கிடந்து வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

ஜூலை 26 என்றதும் மும்பைக்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். 2005-இல் அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கியது, கரண்ட் போனது. அப்படி ஒரு நாளில் இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் வரும்? ஒரு பெட்டியில் 12 பொட்டலம், ஒவ்வொன்றும் சுமார் 1,250 கலோரி. ஒருவருக்கு நாலு நாள் சாப்பாடு. நாலு பேர் இருக்கும் வீட்டில் வேளைக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இன்னொரு ஆபத்து, கூடவே வரும் சூடாக்கும் பை. தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள மெக்னீசியம் வேலை செய்து சூடு வரும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வரும். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிய பத்துக்குப் பத்து அறையில் அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சாப்பாட்டைச் சூடாக்காமலும் சாப்பிடலாம்.

யாருக்கான சாப்பாடு இது என்பதையும் யோசிக்க வேண்டும். மூட்டை சுமந்து வியர்த்து நடக்கிற சிப்பாய்க்காக உப்பும் கலோரியும் தூக்கலாக வைத்துச் செய்தது. அந்த ராணுவமே தொடர்ந்து 21 நாளுக்கு மேல் இதை மட்டும் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பிரஷர் மாத்திரை போடும் எங்கள் அத்தைக்கு இதை எப்படிக் கொடுப்பது? சிலவற்றில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேறு இருக்கும்.

ராணுவ முறைப்படி செய்த சாப்பாடுதான் வேண்டும் என்றால் அது பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். மைசூரில் 1961-இல் தொடங்கிய பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம் நம் வீரர்களுக்காக உப்புமா, புலாவ் எல்லாம் இப்படிப் பையில் அடைத்துக் காட்டியது. அந்த நுட்பம் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கடையில் வாங்கும் பையில் தேதி தெளிவாக இருக்கும், சைவக் குறியும் இருக்கும். அதிலும் உப்பு அளவைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சாப்பாட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு இதை மறந்திருந்தேன். 2005 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் இந்த ஊரில் உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். அதில் நனைந்தது இறுக அடைத்த சாப்பாட்டுப் பையே ஆனாலும், நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெட்ட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு டப்பாவில் இருப்பது அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், அத்தை கிண்டிய புளிக்காய்ச்சல். அடுப்பே இல்லாவிட்டாலும் அவலைக் குடிதண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் வயிறு நிறையும், குழந்தைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடும். ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதியை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாசத்து முதல் ஞாயிறு பழைய அவலை எடுத்து உப்புமா கிண்டிவிட்டு, அன்றைக்கே புதுப் பாக்கெட் வாங்கி உள்ளே வைக்கிறோம்.