குதிரை ஈனும் இரவு: எதைப் பார்ப்பது, எப்போது கை வைப்பது

பசு ஈனுவதைப் பார்த்துப் பழகியவர்கள் குதிரையிடமும் அதே நிதானத்தை எதிர்பார்க்கிறார்கள். பசு ஓரிரு மணி நேரம்கூட முக்கும். குதிரைக்குப் பனிக்குடம் உடைந்தபின் இருப்பது அரை மணி நேரம்தான். அதனால் கையில் கடிகாரம் இல்லாமல் லாயத்துக்குள் போகாதீர்கள்.

படி 1: முன்னேற்பாடு

சினைக்காலம் சராசரியாக 340 நாள். 320 முதல் 365 வரை எதுவும் இயல்புதான். ஈனப்போகும் இடத்துக்குக் குதிரையை நாலு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். அந்த இடத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்புச் சத்து தாயின் உடலில் உருவாகிச் சீம்பாலில் சேர அவ்வளவு நாள் வேண்டும். பிறப்புறுப்பில் தையல் போட்ட குதிரையென்றால் நாள் நெருங்குமுன் மருத்துவரை வைத்துப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிழிந்துபோகும்.

கொட்டில் 14 அடிக்கு 14 அடியாவது இருக்கட்டும். தரையில் வைக்கோல்தான் போட வேண்டும். மரத்தூள் ஈரக் குட்டியின் மூக்கில் அப்பிக்கொள்ளும். ஒரு வாளியில் டார்ச், துண்டுகள், கையுறை, வால் சுற்றும் துணி, மழுங்கிய முனைக் கத்தரி, குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி, மருத்துவரின் எண் எழுதிய அட்டை எல்லாவற்றையும் போட்டு வாசலில் மாட்டிவையுங்கள்.

படி 2: மடி சொல்லும் சேதி

ஈனுவதற்கு 2 முதல் 4 வாரம் முன்பு மடி இறங்கும். வால் அடியில் இருபுறமும் சதை தளர்ந்து களிமண்போல் குழையும். கடைசி ஓரிரு நாளில் காம்பு நுனியில் மஞ்சள் மெழுகுபோல் ஒரு சொட்டு உறைந்து நிற்கும். மெழுகை மட்டும் நம்பாதீர்கள். சில குதிரைக்கு அது வருவதே இல்லை. தலை ஈற்றுக் குதிரையோ கடைசி நேரத்தில்தான் மடி கட்டும்.

இதைவிட நம்பகமானது பாலின் பிஎச் அளவு, அதாவது புளிப்புத்தன்மையைக் காட்டும் எண். நாள் நெருங்கியதும் தினமும் மாலையில் சில சொட்டு மட்டும் கறந்து பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். 7-க்கு மேல் இருந்தது 6.4-க்கு இறங்கிவிட்டால் அன்றிரவு தூக்கம் வேண்டாம். கால்சியம் சோதனையும் உண்டு. ஆனால் அதற்குப் பாலைச் சரியான அளவில் நீர்த்துக்கொள்ள வேண்டும், அவசரத்தில் அங்கேதான் தவறு நேரும். புதியவர்களுக்கு பிஎச் தாளே போதும். 6-க்கும் 7-க்கும் நடுவே நெருக்கமான படிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: அமைதியிழக்கும் நேரம்

வியர்க்கும், மண்ணைப் பறிக்கும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் படுத்து எழும். பார்க்கச் சூலை நோய் (கடும் வயிற்றுவலி) மாதிரியே இருக்கும். இது 1 முதல் 4 மணி நேரம். வாலைச் சுற்றிக் கட்டி, பின்புறம் கழுவிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கூட்டம் கூடினால் குதிரை ஈனுவதைத் தள்ளிப்போடும்.

படி 4: பனிக்குடம் உடைந்ததும்

பழுப்பு நீர் குபுக்கென்று கொட்டும். உடனே மணி பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெளிர்நீலம் கலந்த வெள்ளைச் சவ்வு தலைகாட்ட வேண்டும். வழவழப்பாக, உள்ளிருக்கும் குளம்பு தெரியும் அளவுக்கு மெல்லியது அது.

அதற்குப் பதிலாகச் செக்கச்செவேலென்று வெல்வெட் துணிபோல் ஒன்று பிதுங்கினால், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே கழன்றுவிட்டது என்று அர்த்தம். நடுவில் நட்சத்திர வடிவில் வெளிறிய தழும்பு தெரியலாம். குட்டிக்குப் பிராணவாயு நின்றுகொண்டிருக்கிறது. மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் குட்டி இருக்காது. கத்தரியால் அந்தச் சிவப்புப் பையை வெட்டி, உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வையும் கிழித்து, முக்கலோடு சேர்த்துக் குட்டியை இழுங்கள். போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளைச் சவ்வு வந்திருந்தால் கையுறை போட்டு ஒரே ஒரு முறை தொட்டுப் பாருங்கள். இரண்டு குளம்பு, உள்ளங்குளம்பு தரையைப் பார்க்க. ஒன்று மற்றதைவிட ஒரு சாண் பின்தங்கி, முழங்கால்மேல் மூக்கு. அந்த ஒரு சாண் வித்தியாசம் முக்கியம்: தோள் சாய்வாக வந்தால்தான் இடுப்பெலும்பு வழியாக நுழையும். குளம்பு நுனியில் விரல் விரலாக மெத்தென்ற சதை தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாயின் கருப்பை கிழியாமலிருக்க இயற்கை போட்ட உறை அது, நடந்ததும் தேய்ந்துவிடும்.

குளம்பின் அடி மேலே பார்த்தால்? காலைத் தடவிப் பாருங்கள். முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால், அதாவது குட்டி மல்லாந்திருக்கிறது. எதிரெதிராக மடங்கினால் பின்கால். இரண்டுக்குமே மருத்துவர் வேண்டும். ஒரே கால் வந்தாலும், கால் வந்து மூக்கு இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் முக்கியும் நகராவிட்டாலும் அப்படியே. அவர் வரும்வரை குதிரையை எழுப்பி மெல்ல நடத்துங்கள், முக்கல் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உதவித்தான் ஆக வேண்டுமென்றால், தாய் முக்கும்போது மட்டும், அதன் பின்னங்கால் மூட்டை நோக்கிக் கீழ்வாக்கில் இழுங்கள். நேராக இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு.

படி 5: குட்டி வந்தபின்

மூக்கின் மேல் சவ்வு இருந்தால் மட்டும் விலக்குங்கள். தொப்புள்கொடியை வெட்டாதீர்கள். தாயோ குட்டியோ எழும்போது அது தானே அறும். அறுந்ததும் குட்டியின் தொப்புள் நுனியை நீர்த்த குளோர்ஹெக்சிடினில் முக்குங்கள். கடும் அயோடின் சதையைப் பொசுக்கும்.

இனி கணக்கு 1-2-3: குட்டி 1 மணி நேரத்தில் நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். தொங்கும் கொடியை மிதிக்காதபடி முடிந்து கட்டுங்கள், இழுக்காதீர்கள். ஒரு துண்டு உள்ளே நின்றாலும் சீழ் பிடித்து, குளம்பு வரைக்கும் நோய் இறங்கும். விழுந்ததை விரித்துப் பாருங்கள்: குட்டி வந்த ஓட்டை தவிர வேறு கிழிசல் இருக்கக் கூடாது. மருத்துவர் பார்க்கும்வரை வாளியில் மூடிவையுங்கள்.

பின்சேர்க்கை: ஈனுமுன்பே பால் சொட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சொட்டுவது சீம்பால், திரும்பச் சுரக்காது. வேறு குதிரையின் சீம்பாலை உறையவைத்து வைத்திருப்பவரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். குட்டியின் குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சத்தை முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும், 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். சொட்டினாலும் சொட்டாவிட்டாலும், குட்டி பிறந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ஐஜிஜி (அந்த எதிர்ப்புச் சத்தின் பெயர்) ரத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சீம்பால் சேர்ந்திருக்கிறது.