கலிபோர்னியாவில் பள்ளிப் பணத்தை யார் முடிவு செய்கிறார்கள்? புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து முடித்த சில மாதங்களில் ஏதாவது ஒரு குறை கண்ணில் படத்தான் செய்யும். மைதானத்தில் நிழல் இருக்காது, மதியச் சாப்பாட்டில் சைவம் என்றால் தினமும் ஒரே சீஸ் பண்டமாக இருக்கும், நூலகருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்பார்கள். உடனே நாம் பிரின்சிபாலைப் பார்க்கப் போகிறோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், குறித்தும் வைத்துக்கொள்வார், ஆனால் அந்தப் பணம் அவர் கையில் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் பள்ளி மாவட்டத்தின் போர்ட், அதாவது அதன் நிர்வாகக் குழு, அதை முன்கூட்டியோ பின்னரோ ஏற்றாக வேண்டும். பிரின்சிபால் கையெழுத்து மட்டும் போட்ட காகிதத்துக்குச் சட்டப்படி மதிப்பில்லை. அதனால் எங்கே கேட்பது, எந்த மாதத்தில் கேட்பது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நியாயமான கோரிக்கைகள் இடம் மாறியும் காலம் தவறியும் போய்ச் சேர்ந்து வீணாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் வேலை, உங்கள் மாவட்டம் எது என்று கண்டுபிடிப்பது. ஊர் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கே பள்ளி மாவட்டம் நகராட்சியின் கீழ் வருவதில்லை, அது தனி அரசு அமைப்பு, அதன் எல்லை வேறு, தேர்தல் வேறு, வரி வேறு. குப்பர்டினோ யூனியன் மாவட்டம் எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறது, சன்னிவேல், சான் ஹோசே முகவரிகள் சிலவும் அதற்குள் வரும். அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது, அதற்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஃப்ரீமான்ட் நகரத்துப் பள்ளிகளை நடத்துவது ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்ற இன்னொரு மாவட்டம். பெயர் குழப்பத்தில் தவறான மாவட்டத்துக்கு மின்னஞ்சல் போடுவது எளிதில் நடக்கும், வீட்டு முகவரியைக் கொடுத்துத் தேடும் வசதி மாவட்டத் தளங்களில் இருக்கும், அதில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாவட்டத்தை ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த போர்ட். பெரும்பாலும் 5 அல்லது 7 பேர், பதவிக்காலம் 4 ஆண்டு. நம் ஊரில் அரசுப் பள்ளி என்றால் சென்னையில் துறை முடிவெடுக்கும், மாவட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் செயல்படுத்துவார். இங்கே அப்படி இல்லை. மாநிலச் சட்டம் மேலே இருந்தாலும், எந்தப் பாடநூல், எந்தப் பேருந்து நிறுவனம், யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தப் பள்ளியை மூடுவது என்பதெல்லாம் இந்த ஐந்தாறு பேரின் வாக்கில் முடிகிறது. சூப்பரின்டென்டென்ட் என்பவர் போர்ட் நியமித்த தலைமை அதிகாரி. போர்ட் உறுப்பினர்கள் நம்மைப் போலவே வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து உட்காருகிறவர்கள்தான், தைரியமாக எழுதலாம், பேசலாம்.

இப்போது கொள்முதல். டெண்டர் விட வேண்டிய வரம்பை மாநிலம் ஆண்டுதோறும் திருத்துகிறது, 2025-இல் அது 1,14,800 டாலராக இருந்தது. பொருட்கள், கருவிகள், பழுதுபார்ப்பு போன்றவை அந்த ஆண்டின் வரம்பைத் தாண்டினால் செய்தித்தாளில் வாரம் ஒருமுறை, இரண்டு வாரம் விளம்பரம் கொடுக்க வேண்டும், மூடிய உறையில் வந்த விலைகளைத் திறந்து, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் நிராகரிக்க வேண்டும். கட்டுமானத்துக்கு வரம்பு இன்னும் குறைவு. டெண்டரைத் தவிர்ப்பதற்காக ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து வாங்குவது சட்டவிரோதம்.

ஆனால் எல்லாமே டெண்டரில் போவதில்லை, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாடநூல்களையும் கல்வி மென்பொருளையும் டெண்டர் இல்லாமலே வாங்கச் சட்டம் இடம் தருகிறது. சட்ட ஆலோசகர், நிதி ஆலோசகர் போன்ற சிறப்புச் சேவைகளும் அப்படியே. வேறொரு அரசு அமைப்பு ஏற்கனவே டெண்டர் விட்டுப் போட்ட ஒப்பந்தத்தின் விலையிலேயே நம் மாவட்டமும் வாங்கிக்கொள்ளலாம், இதைப் பிக்கிபேக் என்பார்கள். இதில் தவறில்லை, நேரமும் மிச்சம். ஆனால் உங்கள் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கும் ஒரு கணிதச் செயலி போட்டியே இல்லாமல் வந்திருக்கலாம், அதற்கான ஒப்பந்தத்தை யாரும் விவாதிக்காமலே நிறைவேற்றியிருக்கலாம்.

எப்படி விவாதிக்காமல் போகும் என்று கேட்பீர்கள். போர்ட் கூட்டத்தின் அஜெண்டாவில் கன்சென்ட் கேலண்டர் என்று ஒரு பகுதி இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டர் பட்டியல், ஒப்பந்தங்கள், நன்கொடைகள், பயணச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும், ஒரே வாக்கில் மொத்தமும் நிறைவேறிவிடும். கூட்டத்தில் சத்தமாகப் பேசப்படும் விஷயங்களைவிட அமைதியாகப் போகும் இந்தப் பட்டியலில்தான் மாவட்டத்தின் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். எந்தப் போர்ட் உறுப்பினரும் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தை மட்டும் தனியாக எடுத்து விவாதிக்கலாம் என்று கேட்க முடியும், எனவே உங்களுக்குக் கேள்வி இருந்தால் கூட்டத்துக்கு முன்பே ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள்.

அஜெண்டா எப்போது வரும்? 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு வெளியிட்டாக வேண்டும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம். செவ்வாய் மாலை கூட்டம் என்றால் சனிக்கிழமைக்குள் கையில் கிடைத்துவிடும், ஞாயிறன்று காபியோடு உட்கார்ந்து பின்னிணைப்புகளைத் திறந்து பாருங்கள், ஒப்பந்தத்தின் முழு நகலும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அதே சட்டம் உங்களுக்குப் பேசும் உரிமையையும் தருகிறது. விசா என்ன, குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நேரம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும், ஆகவே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மா தினமும் பள்ளி வாசலில் பார்க்கும் போக்குவரத்து ஆபத்தை அவரே தமிழில் சொல்லலாம், நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பேசி முடித்ததும் போர்ட் எதுவும் சொல்லாமல் இருந்தால் மனம் நோகாதீர்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் அங்கே விவாதிக்கச் சட்டம் விடாது. ஐந்து பேருக்கும் சேர்த்து மின்னஞ்சல் போட்டால் அவர்கள் எல்லோருக்கும் பதில் போட்டு உரையாட மாட்டார்கள், கூட்டத்துக்கு வெளியே பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரு விஷயத்தைப் பேசிக்கொள்வதும் தடைதான்.

அப்புறம், காலம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆளுநரின் முதல் வரவுசெலவுத் திட்டம் ஜனவரியில், திருத்தியது மே மாதம். ஆசிரியர் வேலைநீக்க முன்னறிவிப்புக்கு மார்ச் 15 கடைசி நாள், எனவே எந்தத் திட்டத்தை வெட்டுவது என்ற பேச்சு பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். ஜூனில் எல்கேப் என்ற, மாணவர்களுக்கான இலக்குகளையும் அவற்றுக்கான செலவையும் சொல்லும் மாவட்டத் திட்டத்தோடு பட்ஜெட்டுக்கும் பொது விசாரணை நடக்கும், அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஜூன் விசாரணைக்குத் திரளாகப் போய்ப் பேசுவது நல்லதுதான், ஆனால் அப்போது பெரிய தொகைகள் எல்லாம் இடம்பிடித்திருக்கும். நூலகர் வேண்டும் என்றால் நவம்பரில் பேசத் தொடங்குங்கள்.

கட்டடம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். 1933 லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிகள் இடிந்து விழுந்தபின் வந்த ஃபீல்ட் சட்டத்தால், பள்ளிக் கட்டடங்களுக்கு மாநிலக் கட்டடக்கலை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், நிழற்கூரைக்குக்கூடப் பொதுவாக அந்த வழிதான். பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பணம் திரட்டிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் கூரை வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நன்கொடையையும் போர்ட் முறைப்படி ஏற்க வேண்டும். பிள்ளைகள் தலைக்கு மேல் நிற்கப்போகும் கூரை, இந்தத் தாமதம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பணம் பற்றி இன்னொன்று. வகுப்புக்கோ, பாடத்தோடு சேர்ந்த நிகழ்ச்சிக்கோ பள்ளி கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது, 2012-இன் சட்டம் இதைத் தெளிவாக்கியது. தலைக்கு இவ்வளவு டாலர் என்று கடிதம் வந்தால் அது நன்கொடைக் கோரிக்கை. முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் பிள்ளைக்கு எந்த இழப்பும் வரக் கூடாது. கட்டாயம் என்று யாராவது சொன்னால் மாவட்டத்தின் யூனிஃபார்ம் கம்ப்ளெய்ன்ட் (சீருடை அல்ல, ஒரே சீரான புகார் நடைமுறை) முறையில் புகார் கொடுக்கலாம், பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

ஏதாவது ஒப்பந்தத்தின் நகல் தளத்தில் கிடைக்கவில்லை என்றால் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போலத்தான், மின்னஞ்சலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தர முடியுமா என்ற பதில் 10 நாளில் வர வேண்டும், ஆவணம் வர இன்னும் நாளாகலாம்.

வாக்கு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் போர்ட் தேர்தலில் வாக்களிக்கலாம், ஆனால் அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. பொதுவாக மற்ற இடங்களில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது குடிமகனா என்ற கேள்விக்கு அவசரத்தில் தவறான பெட்டியை டிக் செய்துவிட்டால், பின்னால் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் பெரிய சிக்கல் வரும். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வாக்கு இல்லையே என்று ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். பள்ளிக்குள் ஸ்கூல் சைட் கவுன்சில் என்று ஒரு குழு உண்டு, அதில் பெற்றோர் உறுப்பினர்களைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கிறார்கள், பள்ளிக்கு வரும் சில நிதிகளை எப்படிச் செலவழிப்பது என்ற திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுதான். ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ இருக்கும் பள்ளிகளில் ஈலாக் என்ற பெற்றோர் குழுவும் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதிய பிறகு எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் உங்கள் பிள்ளை ஆங்கிலம் கற்பவர் என்று வந்திருந்தால் கூச்சப்பட ஒன்றுமில்லை, அந்தக் குழு உங்களுக்கானதுதான். கோடை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரங்களில் இந்தக் குழுக்களுக்கான படிவம் மற்ற காகிதங்களுக்கு நடுவே வரும், அதைத் தேடி எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.