அறிவியல் மேல் பாரத்தைப் போடாதீர்கள்: பெருந்தொற்று விதிகளை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பெருந்தொற்று ஒத்திகை நடத்தினோம். பொதுச் சுகாதாரப் பணிக்குப் புதிதாக வந்தவர்களை ஆறு குழுவாகப் பிரித்து, கற்பனையான ஒரு சுவாச நோயைக் கொடுத்து, முதல் வாரத்துக்கான உத்தரவுகளை எழுதச் சொன்னோம். ஆறில் நான்கு வரைவுகளில் ஒரே வாக்கியம் இருந்தது: "அறிவியல் ஆலோசனையின்படி உறவினர்களுக்கு அனுமதி இல்லை." 2020இல் ஏறக்குறைய அதே சொற்களில் அதே வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

கூட்டலில் பிழை, தேதி போட மறந்தது போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தட்டுப்பாட்டுக்கு அறிவியல் வேடம் போடுவது

அப்போது ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் இருந்தேன். சாகும் தறுவாயில் இருப்பவரை வீட்டார் ஒருவராவது வந்து பார்க்கலாமா என்ற கேள்வி வந்தது. இருந்த பாதுகாப்பு உடைகள் ஊழியர்களுக்கே போதவில்லை. வருகிறவருக்கு அதை மாட்டிவிடவும் கழற்றிவிடவும் ஆள் இல்லை. காரணம் அவ்வளவுதான். ஆனால் "உடை இல்லை" என்று எழுதுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நிர்வாகத்துக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். "அறிவியல் அடிப்படையில்" என்று போட்டேன். யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

சில வாரங்களில் உடைகள் வந்து இறங்கின. அடுக்கி வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. விதி மட்டும் அசையவில்லை. மாற்றலாம் என்று நான் சொன்னபோது, "ஏன், அறிவியல் மாறிவிட்டதா?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? அந்த முடிவில் அறிவியல் இருந்ததே இல்லை. "போதிய உடைகள் வரும் வரை" என்று எழுதியிருந்தால், உடை வந்த அன்றே விதி தானாக விழுந்திருக்கும். இல்லாத காரணம் எப்படித் தீரும்? மாதக்கணக்கில் நீடித்தது. ஒரு பெண் தன் அப்பா இருந்த கட்டடத்துக்கு வெளியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ப் பேசியது நான்தான். "விதி அப்படி" என்றேன். இன்றைக்கும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

இதையே நாடறியச் செய்தவர்களும் உண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் பொதுமக்களுக்குப் பயன்படாது, வாங்காதீர்கள் என்றார். மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்றும் அதே பதிவில் சொன்னார். பயன்படாத பொருள் அவர்களுக்கு மட்டும் எதற்கு என்று மக்கள் கேட்டார்கள், நியாயமாகவே. ஏப்ரல் 3 அன்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் துணிக் கவசம் அணியச் சொன்னது. "இருப்பு குறைவு, அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பின்வாங்க வேண்டி வந்திருக்காது.

இறந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமையாகப் போனது. எபோலாவில் சடலம் மெய்யாகவே ஆபத்தானது. உடலைத் தொட்டுக் குளிப்பாட்டும் சடங்குகளில்தான் பலருக்கு நோய் வந்தது. ஆனாலும் உடலைப் பிடுங்கிக்கொண்டு போவது பலிக்கவில்லை, குடும்பங்கள் மறைத்துப் புதைத்தன. 2014 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடக்க நெறிமுறை குடும்பத்தைக் கேட்டுச் செய்யச் சொன்னது, மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டது. கொரோனாவில் சடலத்தால் யாருக்கும் தொற்றியதாக அதுவரை ஆதாரமில்லை என்று அதே நிறுவனம் 2020 மார்ச்சிலேயே எழுதிவிட்டது. அப்படியும் இலங்கையில் நிலத்தடி நீரைக் காரணம் காட்டி, அந்த ஏப்ரலிலிருந்து 2021 பிப்ரவரி வரை தகனத்தைக் கட்டாயமாக்கினார்கள். தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் அடக்கம் செய்ய முடியாமல் முஸ்லிம் குடும்பங்கள் தவித்தன. அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல்.

இப்போதெல்லாம் வரைவில் "அறிவியல்" என்று வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு போடுகிறேன். ஒருவரை உள்ளே விட்டால் தொற்ற எவ்வளவு வாய்ப்பு என்பதை அறிவியல் சொல்லும். அந்த வாய்ப்புக்காக மகளை வாசலில் நிறுத்தலாமா என்பதை அது சொல்லாது. அது ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. அவர் பெயரும் கையெழுத்தும் அதன் கீழே இருக்க வேண்டும்.

"ஆதாரம் இல்லை" என்பதை "ஆபத்து இல்லை" என்று எழுதுவது

2020 மார்ச் 28 அன்று, கோவிட் காற்றில் பரவாது என்பதை "உண்மை" என்று தலைப்பிட்டு உலகச் சுகாதார நிறுவனம் பதிவிட்டது. காற்றிலும் பரவும் என்பதைக் கணக்கில் எடுங்கள் என்று ஜூலையில் 239 விஞ்ஞானிகள் திறந்த மடல் எழுதினார்கள். அதற்குள் உலகமே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது, ஜன்னலைத் திறக்கச் சொல்ல ஆள் குறைவு. "இன்று வரை தெரிந்தது இது" என்று தேதியோடு எழுதுங்கள். மக்களுக்குப் புரியும்.

"பீதி அடைய வேண்டாம்"

இதை எழுதாதீர்கள்.

வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவது

2014 ஆகஸ்டில், எபோலா பரவாமல் தடுக்க, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியைப் படையைக் கொண்டு அடைத்தார்கள். உள்ளே பல்லாயிரம் பேர். உணவு விலை ஏறியது, மோதல் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை விலக்கிக்கொண்டார்கள். தனிமைப்படுத்தும் உத்தரவில் சாப்பாடும் தண்ணீரும் கூலியும் யார் பொறுப்பு என்று இல்லையென்றால், அந்த உத்தரவு இன்னும் எழுதி முடியவில்லை.

யாருக்கு வென்டிலேட்டர் என்பதை இரவுப் பணி மருத்துவரிடம் விடுவது

இத்தாலியின் மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் 2020 மார்ச்சில், வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று வெளிப்படையாகவே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது. வயதை வைத்துப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எழுதி வைத்ததால்தான் என்னால் மறுக்கவாவது முடிகிறது. எழுதாத இடங்களிலும் யாரோ ஒருவர், நடு இரவில், தனியாக, அந்த முடிவை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

பரிவைக் கடைசிப் பத்தியில் வைப்பது

"உங்கள் துயரத்தில் பங்கேற்கிறோம்" என்று முடித்தால் பரிவு ஆகிவிடாது. ஒத்திகையில் ஒரு குழு திருத்தி எழுதிக் கொடுத்தது இது: "ஒருவர், பதினைந்து நிமிடம், பக்கவாசல் வழியாக. உடை தரப்படும். உடை தீர்ந்துபோனால் வீடியோ அழைப்பு. உடை இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்படும். வாரம் ஒருமுறை விதி மறுபரிசீலனை."

அப்புறம் அந்தக் குழுவில் ஒருவர் கேட்டார்: "சார், உடை இல்லை என்று எழுதினால் மேலே கையெழுத்துப் போடுவார்களா?"

அநேகமாகப் போட மாட்டார்கள். போடவில்லை என்பதையும் தேதியோடு கோப்பில் எழுதி வையுங்கள் என்றேன்.