காட்டில் தங்குவதற்கு மிலிட்டரி சர்ப்ளஸ்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

காட்டில் இரண்டு ராத்திரி தங்கிச் சமைத்துச் சாப்பிட, கேம்பிங் கடையில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ராணுவங்கள் கழித்துவிடும் சாமான்களே போதும் என்பது என் கட்சி. அதற்காகச் சர்ப்ளஸ் கடையில் கண்டதையெல்லாம் அள்ளிவிடாதீர்கள். ஸ்டீலும் கம்பளியும் ஒழுங்காக வைத்திருந்தால் பல வருடம் தாங்கும். ரப்பர், ஃபோம், பூச்சுப் போட்ட துணி இவையெல்லாம் அலமாரியில் சும்மா கிடந்தாலே வீணாகிவிடும். எதைப் பார்த்தாலும் முதலில் இதை யோசியுங்கள்.

கையில் காசு குறைவு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அமெரிக்க ராணுவத்தின் ஒரு குவார்ட் (லிட்டருக்குச் சற்றுக் குறைவு) கொள்ளும் கேன்டீன் என்கிற தண்ணீர்க் குடுவையையும், அதன் அடியில் கச்சிதமாக உட்காரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கப்பையும் வாங்குங்கள். கேன்டீன் பிளாஸ்டிக், அதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. கப்பை மட்டும் மூன்று கல்லுக்கு நடுவில் வைத்து, கைப்பிடியை விரித்துப் பூட்டிவிட்டு, மேலே இரண்டு விரல் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் கிருமி செத்துவிடும் (2000 மீட்டருக்கு மேலே இருக்கிற மலை என்றால் மூன்று நிமிடம்). ஆனால் தண்ணீரில் கலந்த ரசாயனமோ பூச்சிமருந்தோ கொதிக்க வைப்பதால் போகாது, வயலோரத்து ஓடையில் மொள்ளாதீர்கள். பழைய கேன்டீனில் பிளாஸ்டிக் வாடை வந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் மாதிரி வாடை வந்தால் சோடாவெல்லாம் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது பான்ச்சோ. மழைக்கோட்டாகவும் கூரையாகவும் ஆகும் என்பதால் ஒரே சுமையில் இரண்டு வேலை. கூரை கட்டும்போது எல்லாரும் கோட்டை விடுவது தலைமூடியில்தான், தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் சொட்டும். அதைச் சுருட்டி முறுக்கி, கயிற்றால் இறுகக் கட்டி, அதே கயிற்றின் மறுமுனையை மேலே ஒரு கிளையில் இழுத்துக் கட்டிவிட்டால் துணி நடுவில் தொங்காது, தண்ணீரும் தேங்காது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டுங்கள். வாங்கும்போது மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், துணி ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டினால் உள்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். வியட்நாம் போர்க் காலத்தில் வந்த பான்ச்சோ லைனர் (பான்ச்சோவுக்கு உள்ளே கட்டிக்கொள்ளும் லேசான மெத்தைப் போர்வை) கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கலாம், ஓரத்து நாடாக்களை பான்ச்சோவோடு முடிந்துகொள்ளலாம். லேசான குளிருக்கு அருமை, உறைகிற குளிருக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

நெருப்புப் பக்கத்தில் படுப்பவருக்குக் கம்பளிப் போர்வைதான் சரி. கனம்தான், ஆனால் பொறி பறந்து விழுந்தால் அந்த இடம் கருகுமே தவிர நைலான் மாதிரி உருகித் தோலில் ஒட்டாது, லேசாக நனைந்தாலும் சூடு கொடுக்கும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். துவைப்பது குளிர்ந்த தண்ணீரில் மட்டும்.

அப்புறம் போலி. ராணுவச் சாமான் என்று பச்சைத் துணியைத் தைத்து விற்கிற ஆட்கள் நிறைய. அசலில் பெரும்பாலும் 13 இலக்க நேட்டோ ஸ்டாக் எண் (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி சாமான்களுக்குக் கொடுக்கும் எண்) இருக்கும். அதில் ஐந்தாவது, ஆறாவது இலக்கம் நாட்டைச் சொல்லும்: 00 அல்லது 01 என்றால் அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். அமெரிக்கச் சாமானின் லேபிளில் ஒப்பந்த எண்ணும் இருக்கும், ‘டிஎல்ஏ100-85-சி’ என்று ஆரம்பித்தால் 1985 ஒப்பந்தம். லேபிளையும் போலியாக அடிக்கிறார்கள், அதனால் தையலையும் பட்டனையும் சேர்த்தே பாருங்கள்.

பழைய பூட்ஸ் வேண்டவே வேண்டாம். பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரக்காற்றிலேயே சிதைந்து, பார்க்கப் புதிதாக இருந்தாலும் நடக்க ஆரம்பித்ததும் பொலபொலவென்று உதிரும். பழைய கேஸ் மாஸ்க்கையும் விட்டுவிடுங்கள், சிலவற்றின் ஃபில்டரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

நிறம் விஷயத்தில் வெறும் பச்சை, காக்கி, சாம்பல் போதும். பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் கேமஃப்ளாஜ் (இலை, மண் நிறத் திட்டுகள் போட்ட ராணுவ டிசைன்) உடுத்துவதே குற்றம். இந்தியாவில் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தில் ராணுவ உடையைப் போட்டால் வழக்கு வரும், 2022-இல் வந்த தரைப்படையின் புதிய டிசைனை வெளிச்சந்தையில் விற்கவும் கூடாது. தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம், ஆகவே பழகிப் பார்க்க நினைப்பவர்கள் சொந்தத் தோப்பிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ கேட்டுவிட்டுப் பழகுங்கள்.