எஸ்பிரெசோ: முதலில் பாஸ்கெட், அப்புறம் அரவை

எஸ்பிரெசோ மெஷின் வாங்கிய முதல் வாரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். ஒரு நாள் கடகடவென்று கொட்டும், வாயில் வைத்தால் புளிப்பு. சரி என்று அரவையை இறுக்கினால் மறுநாள் மெஷின் உறுமும், ஒரு சொட்டு இறங்காது. நானும் மெஷினைத் திட்டியிருக்கிறேன். அப்போது நான் செய்த தப்பு, தூளின் எடை, அரவை, பாஸ்கெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பார்த்தது. எதனால் என்ன ஆனது என்று கடைசிவரை பிடிபடவில்லை. கால் கிலோ காபிக் கொட்டை தீர்ந்ததுதான் மிச்சம்.

அதனால் வரிசை முக்கியம். பாஸ்கெட் முடிவானால் தூளின் எடை முடிவாகும். எடை நிலைத்த பிறகுதான் அரவையில் கை வைக்க வேண்டும்.

ஒரு சொல் விளக்கம். நம் வீட்டில் கிரைண்டர் என்றால் மாவு கிரைண்டர், ஃபில்டர் என்றால் டிகாஷன் இறக்குவது. இங்கே கிரைண்டர் என்பது காபிக் கொட்டை அரைப்பது. போர்ட்டாஃபில்டர் என்கிற கைப்பிடிக்குள் உட்காரும் துளைபோட்ட கிண்ணத்தை, குழப்பம் வராமல் இருக்க, பாஸ்கெட் என்றே எழுதுகிறேன்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, போனில் ஸ்டாப்வாட்ச், வறுத்த தேதி போட்ட காபிக் கொட்டை. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை நல்ல காலம். நேற்று வறுத்த கொட்டையில் கரியமில வாயு நிறைய இருக்கும், ஷாட் (ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெசோ) நுரைத்துக்கொண்டு தாறுமாறாக இறங்கும். சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை இதில் போட வேண்டாம். மிக்ஸியில் அரைத்ததும் சரிப்படாது, பொடியும் குருணையும் கலந்து வரும்.

படி 1: உங்கள் பாஸ்கெட் எந்த வகை?

பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பொடித் துளைகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர். உள்ளே துளைகள் இருந்தும் வெளிப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரே ஒரு துளை இருந்தால் இரட்டைச் சுவர்.

இரட்டைச் சுவரில் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த ஒற்றைத் துளைதான். தூள் எப்படி இருந்தாலும் நுரை பீறிட்டு வரும். கடையில் அரைத்து வாங்கிய தூளுக்கு அது போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை மாட்டிவைத்துக்கொண்டு கிரைண்டரை எவ்வளவு திருகினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. நல்ல கிரைண்டருக்குக் காசு போட்டுவிட்டு, பாஸ்கெட்டை மாற்றாமல் "கிரைண்டர் சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. கிரைண்டர் இருக்கிறதென்றால் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் வாங்கிவிடுங்கள்.

வாங்கும் முன் விட்டம் பார்க்க வேண்டும். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற மெஷின்களுக்கு 58 மி.மீ. பிரெவில் பாம்பினோவுக்கு 54, டெலாங்கி டெடிகாவுக்கு 51. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது.

படி 2: எவ்வளவு தூள்?

பாஸ்கெட்டுகள் 7, 14, 18, 20 கிராம் என்று அளவு போட்டு வரும். ஒரு கிராம் கூடக்குறையப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் தகராறு. ஒரே ஒருவருக்குத்தான் காபி என்று 7 கிராம் பாஸ்கெட்டில் தொடங்காதீர்கள். அதன் வடிவமும் மெல்லிய தூள் படுகையும் சின்னப் பிசகைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும். 58 மி.மீ. மெஷினில் 18 கிராம் பாஸ்கெட்தான் கற்றுக்கொள்ள லேசானது.

அளவு பொறிக்காத பாஸ்கெட் என்றால் நாணயச் சோதனை செய்யலாம். தூளைப் போட்டு, சமன் செய்து, டேம்பரால் (தூளை அமுக்கும் தட்டையான அடிகொண்ட கருவி) அமுக்குங்கள். மேலே கழுவித் துடைத்த ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, கைப்பிடியை மெஷினில் பூட்டி, தண்ணீர் விடாமல் திரும்பக் கழற்றுங்கள். நாணயம் தூளுக்குள் நன்றாக அழுந்தியிருந்தால் தூள் அதிகம். தண்ணீர் பட்டதும் ஊதிப்போய் மேலே உள்ள ஜல்லடையில் ஒட்டும். அரை கிராம் குறைத்து மறுபடி பாருங்கள். நாணயம் படவே இல்லை, ஷாட் முடிந்த பிறகு மேலே சேறு மாதிரித் தண்ணீர் தேங்குகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம்.

இப்படி வந்த எடையை எழுதிவையுங்கள். இந்த வாரம் அதை மாற்றக் கூடாது.

படி 3: அரவை

இலக்கு: 18 கிராம் தூள் உள்ளே, 36 கிராம் காபி வெளியே, பம்ப் போட்டதிலிருந்து 25 முதல் 30 வினாடி. இது வேதவாக்கு இல்லை, தொடங்குமிடம்.

மோட்டார் கிரைண்டரில் அரவையைப் பொடியாக்கும் பக்கம் திருகும்போது மோட்டார் ஓட வேண்டும். நின்றிருக்கும்போது திருகினால் இடையில் சிக்கிய கொட்டைத் துண்டு நசுங்கி, பற்சக்கரம் இறுகிக்கொள்ளும். கைக் கிரைண்டரில் பற்கள் தொட்டுக்கொள்ளும் வரை மூடி, அதைப் பூஜ்யமாக வைத்துக் கிளிக் எண்ணுங்கள். எஸ்பிரெசோவுக்கு கிளிக்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்இசட்பிரெசோ ஜேஎக்ஸ்-ப்ரோவில் ஒரு கிளிக்குக்கு 12.5 மைக்ரான்தான் நகரும். ஃபில்டர் காபிக்கென்று செய்த மலிவான கிரைண்டரில் ஒரு கிளிக் தள்ளினால் 15 வினாடி ஷாட் 45 வினாடிக்குத் தாவிவிடும். நடுவில் நிற்க இடமே இருக்காது.

போன வாரம் ஒரு புதுப் பாக்கெட் பிரித்தபோது நடந்தது இது. நடுத்தர வறுவல், வறுத்துப் பத்து நாள். என் கிரைண்டரில் எண் சின்னதாக ஆக அரவை பொடியாகும்.

எண் 12: 36 கிராம் வர 13 வினாடி. வெளிறிப்போய், புளிப்பாக இருந்தது.

எண் 9: 17 வினாடி. மூன்று எண் இறக்கியும் நான்கு வினாடிதானா என்று கையை 7-க்குக் கொண்டுபோனேன். அங்கேதான் பொறுமை வேண்டும். கிரைண்டரின் வயிற்றுக்குள் பழைய அரவையில் மூன்று நான்கு கிராம் தங்கியிருக்கும். அந்த 17 வினாடி, பழைய தூளும் புதுத் தூளும் கலந்த கணக்கு. எண்ணை அப்படியே விட்டு இன்னொரு ஷாட் போட்டேன்: 24 வினாடி. 7-க்குப் போயிருந்தால் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும்.

எண் 8.5: முதலில் நான்கு கிராம் அரைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் 18 கிராம். எட்டாவது வினாடியில் முதல் சொட்டு, பிறகு எலிவால் போல மெல்லிசாக, பழுப்பாக இறங்கியது. 28 வினாடி. நம் ஊர்க் கணக்கில் கள்ளிச்சொட்டு.

மொத்தம் நான்கு ஷாட். ஒவ்வொரு தடவையும் மாற்றியது அரவையை மட்டும்தான்.

படி 4: நாக்கு சொல்வதைக் கேளுங்கள்

வினாடி சரியாக வந்தபின் அதை மறந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். சுருக்கென்று புளித்து, தொண்டைக்குப் போகும் முன்பே சுவை காணாமல் போனால், இன்னும் பொடியாக அரையுங்கள். கருகல் கசப்பும், பாக்கு மென்றது போல நாக்கு வறள்வதும் இருந்தால், கொஞ்சம் பரும்படியாக. பொடியாக்கப் பொடியாக்கப் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வருகிறதா? தண்ணீர் தூளுக்குள் ஓர் ஓரமாக வழி பண்ணிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு கிரைண்டரைத் திருகிப் பயனில்லை, தூளைப் பரப்பும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு 2005-இல் ஜான் வைஸ் என்ற அமெரிக்கர் சொன்ன வழி இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. தயிர்க் கப்பின் அடியை வெட்டிப் புனலாக வைத்து, தூளை ஊசியால் கிளறிக் கட்டிகளை உடைத்தார். இப்போது அதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் விற்கிறார்கள். தக்கையில் நாலு அக்குபங்சர் ஊசி குத்தினாலே வேலை நடக்கும். அரைக்கும் முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கலக்கினால் தூள் பறப்பதும் குறையும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வும், ஈரம் இருந்தால் அரைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் குறைகிறது என்று காட்டியது.

பால் சேர்த்துக் குடிப்பவர்கள் 36 கிராமுக்குக் காத்திருக்க வேண்டாம். 27, 28 கிராமிலேயே நிறுத்தினால் பாலுக்குள் காபி முங்கிப் போகாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

துல்லிய பாஸ்கெட் வாங்கலாமா?

விஎஸ்டி, ஐஎம்எஸ் போன்ற நிறுவனங்களின் பாஸ்கெட்டுகளில் துளைகள் ஒரே அளவில், அடி முழுக்கப் பரவியிருக்கும். பெரும்பாலும் காபி வேகமாக இறங்கும். அதற்கு ஈடுகொடுக்க இன்னும் பொடியாக அரைக்க வேண்டும். உங்கள் கிரைண்டர் ஏற்கெனவே அதன் கடைசி எண்ணில் நிற்கிறது என்றால், இதை வாங்கி அவஸ்தைப்படாதீர்கள். 58 மி.மீ. டேம்பர் இதில் ஓரத்தில் இடைவெளி விடும் என்று 58.5 வாங்கச் சொல்வார்கள், அந்தச் செலவும் சேரும். மெஷினோடு வந்த ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் தொடர்ந்து பத்து ஷாட் ஒரே மாதிரி வரும் வரை நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

கொட்டை பழசாக ஆக ஷாட் வேகமாகும். 28 வினாடி நாலைந்து நாளில் 24-க்கு வந்துவிடும், கால் எண் இறக்கினால் சரியாகிவிடும். கிரைண்டர் பக்கவாட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் எண்ணும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். இன்றைக்கு அதில் 8.25 என்று இருக்கிறது.