பெரியாஸ்பத்திரியா, கம்பனி காப்புறுதியா? கணக்குப் பார்க்கும்போது விடும் தவறுகள்

பிள்ளை கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து காப்புறுதி கார்ட் கிடைத்ததும், "இனி அரசாங்க ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பேச்சு வந்துவிடுகிறது. பெரிய தவறே அதுதான்.

கொழுந்து மலையில் குளவி கொட்டி ஒருவர் மயங்கி விழுந்தால் கார்டைத் தேடாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். டிக்கோயா, நுவரெலியா, எது பக்கமோ அங்கே போய்ச் சேருவதுதான் முக்கியம். தரத்தைக் கட்டடத்தை வைத்தும் அளக்காதீர்கள். சாயந்தரம் தனியாரில் காசு கட்டி, நம்பர் எடுத்து (சனல் பண்ணி) நாம் பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட் பலர், காலையில் அரசாங்க வார்டில் நோயாளி பார்க்கிறவர்கள்தான். தனியாரில் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது தனி அறையும் காத்திருக்காத வசதியும். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் வைத்தியம் அதனால் உயர்ந்துவிடாது.

சரி, இலவசம் என்றால் செலவே இல்லையா? மஸ்கெலியாவிலிருந்து அம்மாவைக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிப்போவதைக் கணக்குப் போடுங்கள். விடியுமுன் வேன் கூலி, கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளம்) இல்லை, வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, பார்மசியில் வாங்கச் சொல்லும் மருந்து. இதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

காப்புறுதியில் அம்மா அப்பா தானாகவே சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். பல திட்டங்களில் கல்யாணம் ஆனதும் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் மட்டும்தான். முன்பே இருந்த சீனி வியாதி, பிரஷருக்குப் பணம் உண்டா, கிளினிக் செலவுக்குத் தனி வரம்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது, உரிமையுள்ள பணத்தைக் கேட்காமலே விடுவது. அரசாங்க வார்டில் தங்கினாலும் நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காப்புறுதிகள் இருக்கின்றன. ஆசிரியர்களுக்குச் சம்பளத்தில் கழியும் அக்ரஹார என்ற அரசாங்க ஊழியர் காப்புறுதி இருக்கிறது. கம்பனித் தோட்டத் தொழிலாளிக்கும் முதலாளி 3% கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியம் இருக்கிறது; இருதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு லென்ஸ் வைப்பது ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு. வேலையில் இருக்கும்போதே விசாரியுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நோய் என்று எழுதிய நோயறிக்கை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பில்லின் மூலப் பிரதியைக் காப்புறுதிக்குக் கொடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.