முகம் பார்க்காமல் அனுப்பிய வீட்டில் துக்கம் கேட்பது எப்படி

2021 மே மாதம் எங்கள் பெரியப்பா கொரோனாவில் போனார். ஆம்புலன்சில் ஏறும்போது பெரியம்மா செருப்பை எடுத்துக் கொடுத்தார், அதுதான் கடைசி. குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை, வாய்க்கரிசி இல்லை. கவச உடை போட்ட நாலு பேர் மின்மயானத்துக்குள் தூக்கிக்கொண்டு போனதை மகன் தூரத்தில் நின்று பார்த்தான், நாங்கள் எல்லாம் அவரவர் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுக்கு அப்புறம் நாங்கள் செய்ததில் சரியும் உண்டு, தப்பும் உண்டு. அப்படி ஒரு வீடு உங்கள் சொந்தத்தில் இருந்தால், அல்லது இன்னொரு தொற்று வந்தால், உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை, கேளுங்கள். நம்மிடம் இதற்குப் பெயரே துக்கம் விசாரிப்பது. சாவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு, நல்லாத்தானே இருந்தார்" என்று கேட்பார்கள், அந்த அம்மா முதலிலிருந்து சொல்லி அழுவார், அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. பார்க்கிறவர்களுக்குப் புண்ணைக் கிளறுவது போலத் தெரியும், ஆனால் அப்படி நாற்பது தடவை சொன்ன பிறகுதான் நடந்தது அவருக்கே உறைக்கும். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த காலத்தில் இந்த நாற்பது தடவையும் இல்லாமல் போனது. நாங்கள் போனில் கேட்டதெல்லாம் "சாப்பிட்டீங்களா" மட்டும்தான். ஏழெட்டு மாதம் கழித்து நேரில் போய் உட்கார்ந்து, "அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சு பெரியம்மா" என்று கேட்டபோது இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் சொன்னார். அதனால் நாள் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது அடுத்த வேலை, இதுதான் கஷ்டம். "அவருக்கு சுகர் வேற இருந்துச்சுல்ல", "ஊசி போட்டிருக்கலாமே", "வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்", இதில் எதுவும் வேண்டாம். அந்த வீட்டில் யாரோ ஒருவர் "நான்தான் வெளியே போய் வாங்கிட்டு வந்து கொடுத்துட்டேன்" என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அது காய்கறி வாங்கப் போன மகன். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்றால் அவன் வெளியே பேசுவதைத்தான் நிறுத்துவான். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இந்த நோய் பரவும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுக்குள் யாராலும் சொல்ல முடியாது என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள், மிச்சத்தை அவன் பேசட்டும்.

விட்டுப்போன சடங்கைப் பிறகு செய்யலாம். நாங்கள் பதினாறாம் நாள் காரியத்தை நாலு பேரோடு முடித்துவிட்டு, தலைத்திவசத்துக்கு ஊரையே கூப்பிட்டோம், பந்தல் போட்டு, படம் வைத்து, வந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் அழுதார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, உடலை வைத்த பையின் ஜிப்பை முகம் தெரியும் அளவுக்குத் திறந்து காட்டலாம், தொடாமல் வேதம் ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம் என்றுதான் இருந்தது, அஸ்தியாலும் ஆபத்தில்லை. இது எங்களுக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. தெரிந்திருந்தால் சண்டை போட்டாவது பெரியம்மாவுக்கு முகத்தைக் காட்டியிருப்போம்.

இலங்கையில் நடந்தது வேறு. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசு வைத்திருந்தது, அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும், அதாவது உடல்களையும், எரித்தார்கள். அந்த வீடுகளில் போய் "விதி" என்று ஆறுதல் சொல்லாதீர்கள், அது உத்தரவு. கோபமும் துக்கத்தில் ஒரு பாதி, அதையும் உட்கார்ந்து கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்ல வேண்டாம். செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி நேரடியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் காகித வேலை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு நாள் லீவு போட்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று நீங்களே கூட அலையுங்கள். பாஸ்புக்கைக் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். அந்தச் சமயத்தில் மே மாதக் கடைசியில் 330 ரூபாய் பிடித்திருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் வரும், 2022 ஜூனிலிருந்து அந்தத் தொகை 436 ரூபாய். பி.எஃப். பிடிக்கிற வேலையில் இருந்தவர் என்றால் அதிலும் தனியாக ஒரு காப்பீடு உண்டு. பெரியப்பா கணக்கில் 330 பிடித்திருந்தது பெரியம்மாவுக்கே தெரியாது.

ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்றால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "நானும் போயிடணும்" என்று வாயில் வந்துவிட்டால் ஆறு மாதம் எல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட ஒரு ஆள் தங்குங்கள். உதவி எண்களுக்குப் போன் போடுங்கள்: தமிழ்நாட்டில் 104, இந்தியாவில் எங்கிருந்தாலும் 14416, தமிழிலேயே பேசலாம்.

இறந்தவரின் போனை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சில மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் கைவிட்டுப் போய்விடும், வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். முக்கியமாக வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். பெரியப்பா வார்டிலிருந்து அனுப்பியது மூன்று இருக்கிறது, ஒன்றில் மோட்டார் சுவிட்சை அணைத்தாயா என்று கேட்கிறார். பெரியம்மா இன்னும் போட்டுக் கேட்கவில்லை, கேட்கும்போது இருக்கட்டும் என்று மகன் பென்டிரைவில் ஏற்றி பீரோவில் வைத்திருக்கிறான்.